"தோழர்" எப்போது "தம்பி" ஆனார்? மேடைத் தமிழும் கட்சி அதிகாரமும்

வைகைக்கரை

ஒரே ஒரு சொல்லைப் பற்றிப் பேசத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில், பெயருக்குப் பின்னால் வரும் சாதிப் பட்டத்தை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். 1932இல் ஐரோப்பாவும் சோவியத் நாடும் சுற்றிவிட்டு வந்த பெரியார், இனி பெயருக்கு முன்னால் ஸ்ரீயும் வேண்டாம், திருவாளரும் வேண்டாம், "தோழர்" என்று போடுங்கள் என்றார். குடிஅரசு இதழ் அப்படியே அச்சிட்டது. பின்னால் இருந்த வாலை வெட்டிவிட்டு முன்னால் ஒரு சொல்லை நட்டார்கள். அந்தச் சொல்லுக்கு மேல் கீழ் கிடையாது. நான் உனக்குத் தோழன் என்றால் நீயும் எனக்குத் தோழன்.

1949இல் திமுக பிறக்கிறது. 1955 முதல் "திராவிட நாடு" இதழில் அண்ணா "தம்பிக்கு" என்று கடிதம் எழுதத் தொடங்குகிறார். அவருடைய பெயரிலேயே அண்ணன் இருந்தார், எதிரே தம்பி வந்து உட்கார்ந்தான். "தம்பி" என்ற சொல்லுக்கு ஒரு திசை உண்டு. மேலிருந்து கீழே வரும். அன்போடுதான் வரும், ஆனால் கீழ்நோக்கித்தான் வரும். தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்கிறோமே, அந்தப் பழமொழியில் அஞ்சாமல் இருப்பவன் அண்ணன். படைக்கு முன்னால் நிற்பவன் தம்பி.

என் கருத்து இது: தமிழ்நாட்டு அரசியலில் ஒரு கட்சிக்குள் தலைவரைக் கேள்வி கேட்கும் பழக்கம் வளராமல் போனதற்கு அந்தத் திசை ஒரு பெரிய காரணம். இயக்கமாக இருந்ததை மொழி குடும்பமாக மாற்றியது. குடும்பத்தில் கணக்கு கேட்பவன் வீட்டைப் பிரிக்க வந்தவன் என்றுதான் ஊர் பேசும்.

மறுப்பவர்கள் வாருங்கள்.

படிப்பகத்தார்

மறுக்கத்தான் வருகிறேன் ஐயா. எனக்கு எண்பது வயது. அந்தக் கடிதங்களை அச்சில் வந்த வாரமே படித்தவன், அதைவிட முக்கியமாக, படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டியவன்.

நீங்கள் சொல்லை அகராதியில் வைத்துப் பார்க்கிறீர்கள். 1950களின் கிராமத்தில் வைத்துப் பாருங்கள். எங்கள் ஊரில் ஐம்பது வயதுக் கூலியாளைப் பத்து வயதுப் பண்ணையார் வீட்டுப் பையன் பேர் சொல்லி, "டேய்" போட்டுக் கூப்பிடுவான். அவர் "சின்ன எசமான்" என்று கைகட்டி நிற்பார். மாமன், மச்சான், அண்ணன், தம்பி எல்லாம் அவரவர் தெருவுக்குள் புழங்கும் சொற்கள். ஒரு தெருவின் உறவுச்சொல் அடுத்த தெருவுக்குப் போகாது. ஊர் எல்லையைவிட அது கறாரான எல்லை.

அப்படிப்பட்ட ஊரில், சலூன் பெஞ்சில் உட்கார்ந்து நான் "தம்பி!" என்று உரக்க வாசித்தபோது என்ன நடந்தது தெரியுமா? முடிவெட்டுபவரும், வெட்டிக்கொண்டிருந்தவரும், வாசலில் நின்றபடி கேட்ட வண்டிக்காரரும் அந்தக் கடிதம் தனக்கு வந்தது என்றே நினைத்தார்கள். வாழ்நாளில் தபால்காரர் கதவைத் தட்டாத மனிதர்கள் அவர்கள். காஞ்சிபுரத்திலிருந்து எம்.ஏ. படித்த ஒருவர் வாரம்தோறும் அவர்களுக்குக் கடிதம் எழுதினார். பொருளாதாரம், உலக நடப்பு, ரோமாபுரி வரலாறு எல்லாம் அதில் வந்தன. உனக்கு இதெல்லாம் புரியும் என்ற நம்பிக்கை அந்த எழுத்தில் இருந்தது.

நீங்கள் கீழ்நோக்கி வந்தது என்கிறீர்கள். எங்களுக்கு அதுவரை மேலிருந்து எதுவுமே வந்ததில்லை.

இன்னொன்று. "தோழர்" நல்ல சொல்தான், ஆனால் எங்கள் பக்கம் அது புத்தகத்தில் மட்டும் இருந்தது. எந்த அம்மாவும் வாசலில் நின்று "தோழரே, சாப்பிட வா" என்று கூப்பிட்டதில்லை.

தறிக்குழி

வைகைக்கரை அண்ணா, உங்கள் வாதம் எனக்குப் புரிகிறது. ஆனால் உறவுச்சொல் இல்லாமல் தமிழில் யாரிடமாவது பேச முடியுமா? பேருந்து நடத்துநரை அண்ணே என்கிறோம், காய்கறிக்காரரை அக்கா என்கிறோம். அரசியல்வாதி மட்டும் எப்படி வேறு மாதிரி பேசுவார்? மொழியில் இருப்பதைத்தானே எடுத்தார்கள்?

வைகைக்கரை

நீங்கள் என்னை "அண்ணா" என்று அழைத்துவிட்டீர்கள். இப்போது உங்களைக் கடுமையாக மறுக்க எனக்குக் கை வரவில்லை. நான் சொல்ல வந்தது இதைத்தான். இது நமக்குள் நடந்தால் நல்ல பண்பு. ஓட்டு வாங்கி ஆட்சி செய்கிறவருக்கும் எனக்கும் நடுவில் நடந்தால், அவர் தவறு செய்யும்போதும் எனக்குக் கை வராது.

படிப்பகத்தார் ஐயா, சலூன் காட்சியை நான் மறுக்கவில்லை, அதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஆனால் அதற்குப் பின்னால் நடந்ததையும் பாருங்கள். திமுக தொடங்கியபோது தலைவர் பதவியைக் காலியாக வைத்தார்கள், அது பெரியாருக்கு உரிய நாற்காலி என்று. அண்ணா பொதுச்செயலாளராக இருந்தாரே தவிர, தலைவர் ஆகவில்லை. 1969இல் அவர் மறைந்த பிறகுதான் தலைவர் பதவியில் ஆள் உட்கார்ந்தார். காலி நாற்காலியும் ஒரு குடும்பப் படிமம்தான். கோபித்துக்கொண்டு போன அப்பாவின் இடம். அந்த இடம் காலியாக இருந்தவரை ஒரு அடக்கம் இருந்தது. நிரம்பிய பிறகு அப்பா, அண்ணன், தம்பி என்ற வரிசை முழுமையாகிவிட்டது. பிறகு வாரிசு என்ற பேச்சு வந்தபோது யாருக்கும் அது அந்நியமாகத் தெரியவில்லை. இருபது வருடம் குடும்பம் என்று கேட்டுப் பழகிய காது அது.

நடுத்தெரு வாசகி

இருவரும் ஒரு பாதியை விட்டுவிட்டீர்கள். அந்தச் சலூன் பெஞ்சில் ஒரு பெண் கூட இல்லை.

தம்பிக்குக் கடிதம் வந்தது, தங்கைக்கு வரவில்லை. மேடையில் எங்களுக்கு இருந்த ஒரே சொல் "தாய்மார்களே". இருபது வயதுப் பெண்ணும் தாய்மார்தான். தாயிடம் யாரும் கட்சிக் கொள்கையைப் பற்றி விவாதிக்க மாட்டார்கள். வணங்குவார்கள், ஓட்டுக் கேட்பார்கள், "வீர மகனைப் பெற்ற வயிறு" என்பார்கள். மொழி தாய், நாடு தாய், பெண்ணும் தாய். மூன்றுக்கும் மாலை போட்டாயிற்று.

ஒரே ஒரு உதாரணம். சத்தியவாணி முத்து அம்மையார் 1967இல் அண்ணாவின் அமைச்சரவையில் இருந்தவர், இயக்கத்தின் தொடக்க காலத்திலிருந்து உழைத்தவர், தாழ்த்தப்பட்ட சமூகத்திலிருந்து வந்தவர். 1974இல் விலகி "தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகம்" என்று தனிக்கட்சி தொடங்கினார். அந்தப் பெயரைக் கவனியுங்கள். கலைஞர் கட்சிக்காரர்களை அழைத்த உடன்பிறப்பு என்ற ஒரே சொல்லுக்குள் எல்லோரும் இருக்கிறோம் என்று சொல்லப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், "இல்லை, நாங்கள் யார் என்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது" என்று ஒருவர் பெயர்ப்பலகையிலேயே எழுதினார்.

இன்னொன்றும் கேட்கிறேன். அண்ணன் தம்பி உறவில் பெண் கொடுத்துப் பெண் எடுக்க முடியாது. மாமன் மச்சான் உறவில்தான் முடியும். சாதி கடந்து அழைக்கத் தேர்ந்தெடுத்த சொல், கல்யாணப் பேச்சே எழாத உறவாக அமைந்துவிட்டது. யாரும் திட்டமிட்டுச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதனால்தான் அந்தச் சொல்லை எல்லாத் தெருவும் அவ்வளவு சுலபமாக ஏற்றுக்கொண்டது என்று எனக்குப் படுகிறது. மேடையில் ஒருவர் "சம்பந்தி" என்று கூப்பிட்டிருந்தால் பாதிக் கூட்டம் எழுந்து போயிருக்கும்.

தறிக்குழி

அந்தக் கடைசிப் பத்தியை மூன்று முறை படித்தேன் அக்கா.

படிப்பகத்தார்

வாசகி அம்மா சொன்னதில் பெண்களைப் பற்றிய பகுதிக்கு என்னிடம் பதில் இல்லை. உண்மைதான், நாங்கள் யோசித்ததே இல்லை. ஆனால் சம்பந்தி விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணம் 1967இல்தான் சட்டப்படி செல்லும் என்று ஆனது, அதற்கு முன்னால் நடந்தவையும் சேர்த்து. ஆட்சிக்கு வந்த முதல் ஆண்டிலேயே அதைச் செய்தவர் அந்த "அண்ணன்"தான். அப்படி மணந்தவர்களில் சாதி விட்டுச் சாதி மணந்தவர்களும் உண்டு. சொல் போன தூரத்தைத் தாண்டியும் சட்டம் போயிற்று.

இப்போது வைகைக்கரைக்கு வருகிறேன். தம்பி கேள்வி கேட்க மாட்டான் என்கிறீர்கள். 1965 ஜனவரி 25 அன்று நான் மதுரையில் மாணவன். ஊர்வலத்தில் இருந்தேன். காங்கிரஸ் அலுவலகத்தின் அருகே மோதல் நடந்து, அங்கே பற்றிய தீ மாநிலம் முழுக்கப் பரவியது. சில நாட்களில் அண்ணா போராட்டத்தை நிறுத்திக்கொள்ளும்படி மாணவர்களைக் கேட்டார். நாங்கள் நிறுத்தவில்லை. பிப்ரவரியிலும் தொடர்ந்தது. அண்ணன் சொன்னார், தம்பிகள் கேட்கவில்லை. உங்கள் கோட்பாடு சரி என்றால் அது நடந்திருக்கக் கூடாது.

அதற்கு முன்னாலும், 1956 திருச்சி மாநாட்டில் தேர்தலில் நிற்கலாமா வேண்டாமா என்று பெட்டி வைத்து வாக்கெடுத்தார்கள். அப்பா மகனிடம் ஓட்டுக் கேட்டு முடிவெடுக்கும் குடும்பம் உங்களுக்குத் தெரியுமா?

செங்கரும்பு

படிப்பகத்தார் சொன்ன ஒரு வரியில் நிற்கிறேன். "தோழர்" புத்தகத்தில் மட்டும் இருந்தது என்றார். எங்கள் பக்கம், கீழத்தஞ்சையில், அது வயலில் இருந்தது.

பண்ணையாளுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்த காலத்தில், கர்நாடகத்தில் பிறந்து இங்கே வந்த பி. சீனிவாசராவ் சேரிகளில் தங்கிச் சங்கம் கட்டினார். அவருக்குத் தமிழ் தாய்மொழி இல்லை. எதுகை மோனை எல்லாம் அவரிடம் கிடையாது. ஆனால் அவர் "தோழர்" என்று அழைத்தபோது அதைக் கேட்டவர்களுக்குப் புரிந்தது, அவர்களும் அவரைத் திருப்பி அதே சொல்லால் அழைத்தார்கள். எங்கள் தாத்தா எழுதப் படிக்கத் தெரியாதவர். சாகும் வரை, வீட்டுக்கு யார் வந்தாலும் "வாங்க தோழர், சாப்பிட்டீங்களா" என்றுதான் கேட்பார். வாசலில் நின்று அப்படிக் கூப்பிட்ட ஒருவரை நான் பார்த்திருக்கிறேன் ஐயா.

அப்புறம், 1968 டிசம்பர் 25. கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கூலியாகக் கூடுதல் நெல் கேட்டதும், சங்கக் கொடியை இறக்க மறுத்ததும்தான் அவர்கள் செய்த குற்றம். ஆட்சியில் இருந்தது யார் என்று உங்களுக்குத் தெரியும். எரித்தது ஆட்சி இல்லை, மிராசுதார் தரப்பு. ஆனால் தமிழ், தமிழன், தம்பி என்று நாடே கேட்டுக்கொண்டிருந்த அழகான பேச்சு அந்தக் குடிசை வரைக்கும் ஏன் போய்ச் சேரவில்லை? எரித்தவர்களும் தமிழர், எரிந்தவர்களும் தமிழர். அந்த மொழிக்குள் வைத்து இந்தச் சண்டைக்கு ஒரு பெயர் கூட வைக்க முடியவில்லை. "வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது" என்று சொல்ல வந்த மொழிக்கு, தெற்கிலேயே வாழ்கிறவர் யார், தேய்கிறவர் யார் என்று சொல்லத் தெரியவில்லை.

சொல்லேர்

விவாதம் ஒரே சொல்லில் சுற்றுவதாக எனக்குத் தோன்றுகிறது. அரசியல் மொழியின் நிலையான வேலை வேறு இடத்தில் நடந்தது. "அபேட்சகர்" போய் "வேட்பாளர்" வந்தார். "அக்கிராசனர்" போய்த் "தலைவர்", "மந்திரி" போய் "அமைச்சர்". கூட்டத்தில் "நமஸ்காரம்" நின்று "வணக்கம்" நிலைத்தது. அரசு முத்திரையில் "வாய்மையே வெல்லும்" ஏறியது. மாநிலத்தின் பெயருக்காக 1956இல் சங்கரலிங்கனார் உண்ணாவிரதம் இருந்தே உயிர் விட்டார். 1967 ஜூலை 18 அன்று சட்டமன்றம் அந்தப் பெயரை ஏற்றது. பிற்காலத்தில் "திருநங்கை" என்ற சொல் அரசு ஆணைக்குள் வந்ததும், தெருவில் அவர்களைக் கூப்பிட்ட கேவலமான சொற்கள் கொஞ்சமாவது கூசிப் பின்வாங்கின.

இவற்றை யாரும் குடும்பப் பாசத்தால் ஏற்கவில்லை. பயன்படுத்திப் பார்த்து, வாய்க்கு வந்ததால் ஏற்றார்கள். தலைவர் சொன்ன சொல் மக்களுக்குப் பொருந்தவில்லை என்றால் மக்களே அதை வீசிவிடுவார்கள். பெரியார் திமுகவினரைக் "கண்ணீர்த்துளிகள்" என்று ஆண்டுக்கணக்கில் கேலி செய்தார். இன்று அந்தச் சொல் யாருக்காவது நினைவிருக்கிறதா? அவ்வளவு பெரிய தலைவரின் சொல்லும் ஒட்டவில்லை. ஆகவே தலைவர்கள் சொல்லால் மக்களை ஆட்டிவைக்கிறார்கள் என்பது பாதி உண்மைதான்.

வைகைக்கரை

சொல்லேர், உங்கள் பட்டியலை முழுமையாக ஏற்கிறேன். "வேட்பாளர்" என்ற சொல்லை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், எதிர்க்கட்சிக்காரரும் சொல்லலாம். அது பொதுச்சொத்து. "உடன்பிறப்பே" அப்படி இல்லை. அதைச் சொல்லும் உரிமை ஒருவருக்குத்தான், கேட்பவர்கள் லட்சம் பேர்.

படிப்பகத்தாரின் 1965 சான்று வலுவானது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்களே சொன்னீர்கள், அப்போது நீங்கள் மாணவர். உங்களுக்குக் கட்சி அட்டை இல்லை, பதவி இல்லை, பறிக்க எதுவும் இல்லை. கட்சிக்குள் இருந்தவர் கேட்டபோது என்ன ஆயிற்று? 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். பொதுமேடையில் கட்சிக் கணக்கைக் கேட்டார். வெளியேற்றப்பட்டார். வெளியே போய்த் தனிக்கட்சி தொடங்கியவர் என்ன சொல்லைத் தேடினார்? "ரத்தத்தின் ரத்தமான என் அன்பு உடன்பிறப்புகளே." உறவை இன்னும் ஒரு படி இறுக்கினார். அதற்கும் பிறகு அந்தக் கட்சியில் "அம்மா" வந்தது, அமைச்சர்கள் காலில் விழுந்தார்கள். தோழரின் காலில் யாரும் விழ முடியாது. அம்மாவின் காலில் விழலாம், நம் பண்பாடு அதை மரியாதை என்றுதான் சொல்கிறது.

பனங்கூடல்

யாழ்ப்பாணத்துக்காரன், ஒரு வாரமாக வாசித்துக்கொண்டிருந்தேன். வைகைக்கரை சொல்வதை எங்கள் அனுபவத்திலிருந்து சேர்க்கிறேன். இது எழுதக் கஷ்டமான விஷயம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அரசியலிலும் உறவுச்சொற்கள்தான். செல்வநாயகம் "தந்தை செல்வா". அமிர்தலிங்கம் "அண்ணன்", "தளபதி". 1976இல் தனிநாடு கேட்ட வட்டுக்கோட்டைத் தீர்மானம், 1977 தேர்தலில் தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு 18 ஆசனங்கள், அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவர். அந்த மேடைகளில் இளைஞர்கள் விரலைக் கீறித் தலைவர்களுக்கு இரத்தத் திலகம் வைத்தார்கள். பேச்சைக் கேட்டு மயிர்க்கூச்செறிந்து நின்றவர்களில் என் மாமாவும் ஒருவர். தலைவர்கள் இரத்தம் என்று பேசியது உவமை. கேட்டவர்களுக்கு அது உவமையாக இருக்கவில்லை.

பிறகு ஆயுதம் தூக்கியவர்களுக்கு ஊர் வைத்த பெயர் "பெடியள்", உங்கள் பேச்சில் பையன்கள். எங்கட பெடியள். இயக்கத்தின் பெயரைச் சொல்வது ஆபத்து என்பதும் ஒரு காரணம். ஆனால் அந்தச் சொல் இன்னொன்றையும் செய்தது. வீட்டுப் பிள்ளை தப்புச் செய்தால் பொலிஸில் சொல்வோமா? மூடி மறைப்போம், "பெடியள் தெரியாமல் செய்திருப்பாங்கள்" என்போம். ஓர் இயக்கம் மற்ற இயக்கத்துப் பிள்ளைகளைத் தெருவில் சுட்டுப் போட்ட நாட்களிலும் அந்தச் சொல்தான் எங்கள் வாயில் இருந்தது. செத்தவனும் பெடியன், சுட்டவனும் பெடியன். கொலை என்று சொல்ல நாக்கு எழவில்லை.

1989 ஜூலை 13 அன்று கொழும்பில் அமிர்தலிங்கத்தைச் சுட்டார்கள். அண்ணன் என்று கூப்பிட்ட தலைமுறையின் தம்பிகளே சுட்டார்கள். அன்று எங்கள் வீட்டில் யாரும் எதுவும் பேசவில்லை. அம்மா விளக்கேற்றிவிட்டு உள்ளே போய்விட்டா.

சிங்கள அரசு செய்தவற்றை இது எந்த வகையிலும் குறைக்காது. அதை நான் வேறு இடத்தில் எழுதியிருக்கிறேன், எழுதுவேன். இங்கே கேள்வி மொழியைப் பற்றியது என்பதால் இதைச் சொன்னேன்.

நடுத்தெரு வாசகி

பனங்கூடல், எழுதியதற்கு நன்றி. இதற்கு மேல் இந்த இழையில் எதை எழுதினாலும் சின்னதாகத் தெரிகிறது.

செங்கரும்பு

நானும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். "தோழர்" என்ற சொல்லும் மந்திரம் இல்லை. அந்தச் சொல்லை வைத்துக்கொண்டே உலகத்தில் எத்தனையோ தோழர்களைத் தோழர்கள் சிறையில் தள்ளினார்கள். வைகைக்கரை சொல்லுக்குத் திசை உண்டு என்றார். சொல்லுக்குப் பின்னால் திருப்பிக் கேட்கும் உரிமை கட்சி விதியில் இருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். அது இல்லை என்றால் எந்தச் சொல்லும் மேலிருந்து கீழேதான் வரும்.

தறிக்குழி

படிப்பகத்தார் ஐயா, உங்களிடம் நேராக ஒன்று கேட்கலாமா? மாணவராக இருந்தபோது அண்ணன் சொல்லை மீறினீர்கள். பிறகு கட்சியில் சேர்ந்தீர்களா? சேர்ந்தபின் ஒரு முறையாவது "அண்ணே, நீங்க சொல்றது தப்பு" என்று சொன்னதுண்டா?

படிப்பகத்தார்

இரண்டு நாளாக இதற்குப் பதில் எழுதலாமா என்று யோசித்தேன்.

சேர்ந்தேன். எந்தக் கட்சி, எந்த ஊர் என்பது வேண்டாம், இந்த விஷயத்தில் அவை பெரிதாக வேறுபடுவதில்லை. எங்கள் கிளைக்கு ஒரு படிப்பகம் இருந்தது. ஓட்டுக்கூரை, இரண்டு பெஞ்சு, ஏழெட்டுப் பத்திரிகை. அந்த இடத்தை ஒருவருக்குக் கடை கட்டக் கொடுத்துவிடலாம் என்று ஒரு பேச்சு வந்தது. கூட்டத்தில் எழுந்து, "அண்ணே, இது தப்பு. நாம் எல்லாம் இங்கேதான் படிச்சோம்" என்றேன். அவர் கோபப்படவில்லை. எழுந்து வந்து தோளில் கை போட்டார். "தம்பிக்கு இந்த இடத்து மேல பாசம் அதிகம்" என்று எல்லோரிடமும் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். நான் சொன்னது கருத்தாகவே பதிவாகவில்லை, பாசமாகப் பதிவாகிவிட்டது. அடுத்த கூட்டத்துக்கு எனக்கு அழைப்பு வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை.

இப்போது அங்கே கைப்பேசிக் கடை இருக்கிறது. அவருடைய மகன்தான் பொறுப்பில் இருக்கிறார். தெருவில் பார்த்தால் வண்டியை நிறுத்தி, "வாங்க பெரியப்பா, நடந்தா போறீங்க, ஏறுங்க" என்பார். போன மாதம் கூட மருத்துவமனை வரைக்கும் கொண்டுபோய் விட்டார். நான் ஏறிக்கொள்கிறேன்.

சலூன் பெஞ்சைப் பற்றி நான் எழுதியதில் ஒரு எழுத்தையும் மாற்ற மாட்டேன் வைகைக்கரை. அது நடந்தது. இதுவும் நடந்தது.